கெட்ட பெயருக்கு ஏலத்தில் கிராக்கி!

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளை மட்டும் ஏலம் போடும் பெரிய வியாபார நிலையங்கள் உண்டு. ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பே, வழவழப்பான காகிதத்தில் வண்ணப் படங்களுடன் ஒரு தடித்த கேட்டலாக் வெளியாகிவிடும். புரட்டிக்கொண்டே போனால், நம்மூர்க் கல்யாணத்தில் நகை பார்ப்பதைப் போலிருக்கும். இழைத்து மெருகேற்றிய ஜெர்மன் லூகர் ஒரு பக்கம். தந்தப் பிடி போட்ட கோல்ட் ரிவால்வர் இன்னொரு பக்கம். அவற்றுக்கு நடுவே, விருந்து வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் ஏழை உறவினர் மாதிரி, ஓர் அவலட்சணமான உருப்படி இருக்கும்.

கைப்பிடி சின்னது, தலை பெரியது. குழாய் குட்டை. பின்புறம் கூனல் விழுந்தாற்போல் ஒரு வளைவு. அரத்தால் தேய்த்த கோடுகள்கூட மறையாமல் அப்படியே தெரியும். "ஜப்பானிய ராணுவம், டைப் 94, 8 மில்லிமீட்டர்" என்று கீழே எழுதியிருக்கும். சில கேட்டலாக்குகளில் அதோடு ஒரு பட்டப் பெயரும் சேர்ந்துவிடும்: "தற்கொலைத் துப்பாக்கி".

உலக ராணுவங்கள் கையாண்ட கைத்துப்பாக்கிகளிலேயே மகா மட்டமானது என்று பல வருஷங்களாக ஏச்சு வாங்கிய ஆயுதம் இது. ஆனால் ஏலக்காரர் சுத்தியலைக் கையில் எடுத்ததும் நடப்பதோ வேறு. கூடத்தில் எண் அட்டைகள் உயர்கின்றன. டெலிபோனில் ஒருவர் கேட்கிறார். கம்ப்யூட்டர் வழியாக இன்னொருவர் கேட்கிறார். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லி முடிப்பதற்குள் விலை பல நூறு டாலரைத் தாண்டுகிறது. நல்ல நிலையிலுள்ள உருப்படியாயின் ஆயிரம் டாலருக்கு மேலும் போகிறது.

சந்தைக்கு வரும் மாட்டுக்குச் சுழி சரியில்லை என்று தெரிந்தால் விலை விழும். இந்தச் சந்தையிலோ சுழி சரியில்லை என்பதே விலையை ஏற்றுகிறது! இந்த விசித்திரத்தைச் சற்று உட்புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் எதற்காகப் பணம் கொடுக்கிறார்? அவர் கொடுக்கும் பணத்துக்கு உரிய சரக்குதான் அவருக்குக் கிடைக்கிறதா?

தாமே காசு கொடுத்து வாங்கிய அதிகாரிகள்

முதலில் இந்தத் துப்பாக்கியின் ஜாதகம்.

ஜப்பானில் துப்பாக்கி நிர்மாணம் என்றால் முதலில் வரும் பெயர் கிஜிரோ நாம்பு. 1869-ல் பிறந்து 1949-ல் காலமான இவர், ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாகத் துப்பாக்கிக் கம்பெனி நடத்தினார். 1925-ல் ஜப்பானிய ராணுவம் ஏற்றுக்கொண்ட "டைப் 14" கைத்துப்பாக்கியிலும் அவருடைய முத்திரை உண்டு. அது நீளமானது, கனமானது. இடுப்பில் இடம் அடைப்பது.

அக்காலத்து ஜப்பானிய ராணுவத்தில் அதிகாரிகள் தங்கள் வாளையும் கைத்துப்பாக்கியையும் சொந்தப் பணத்தில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கையிலிருந்து காசு கொடுக்கிறவன் லேசானதாக, சுமக்கச் சௌகரியமானதாகத்தானே தேடுவான்? பலர் அயல்நாட்டுச் சிறு பிஸ்டல்களை நாடினார்கள். உள்நாட்டிலேயே, அதே 8 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய சின்னத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று ராணுவத்துக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் டைப் 94. நீளம் ஏறக்குறைய 187 மில்லிமீட்டர். எடை முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். தோட்டாக் கூட்டில் 6 தோட்டாக்கள். நெருக்கமான இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் டாங்கிப் படையினருக்கும் விமானிகளுக்கும் இது தோதாக இருந்தது.

பெயரில் உள்ள 94 எங்கிருந்து வந்தது? ஜப்பானியர் தங்கள் முதல் சக்கரவர்த்தியிலிருந்து வருஷக் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் நமது 1934, அவர்களுக்கு 2594. கடைசி இரண்டு எண்களையே மாடலுக்குப் பெயராக வைத்தார்கள்.

1935 முதல் 1945 வரை சுமார் 70,000 துப்பாக்கிகள் இந்த மாடலில் செய்யப்பட்டன. தொழிற்சாலை தோக்கியோவை அடுத்த கொக்குபுன்ஜியில் இருந்தது. நாம்புவின் கம்பெனி வேறு ஸ்தாபனங்களுடன் இணைந்து "சூவோ கோக்யோ" என்ற பெயரில் அங்கே நடந்துவந்தது.

பழி வந்த கதை

இப்போது அந்தப் பழிக்கு வருவோம். அதில் பாதி உண்மை.

பொதுவாகத் துப்பாக்கியில் விசையை இழுத்தால், உள்ளே பின்னுக்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் குதிரை விடுபட்டுத் தோட்டாவின் பிருஷ்டத்தில் அடிக்கும். குதிரையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு இரும்புத் தண்டு. மற்றத் துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் உடலுக்குள் ஒளிந்திருக்கும். டைப் 94-லோ, இடது பக்கத்தில் வெளியே தெரியும்படி, நீளவாட்டில் படுத்திருக்கிறது. நடுவில் தராசுத் தண்டைப்போல் ஆடுவது. முன்முனை உள்ளே போனால், பின்முனை வெளியே விலகும், குதிரை விடுபடும். விசையை இழுத்தாலும் நடப்பது இதுதான். கட்டைவிரலால் அந்த முன்முனையை இரண்டு மில்லிமீட்டர் அளவு அழுத்தினாலும் நடப்பது இதுவேதான்! விசைப் பக்கம் விரலே போகாமல் துப்பாக்கி வெடித்துவிடும்.

இது போதாதா? யுத்தம் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இதை நண்பர்களிடம் காட்டிக் காட்டி, ஒரு கதையும் கிளம்பிவிட்டது. சரணடைய வருகிறான் ஜப்பானிய அதிகாரி. மரியாதையாகத் துப்பாக்கியைப் படுக்கை வாட்டில் நீட்டுகிறான். விசையின் அருகே விரல் இல்லை. எதிரே நிற்பவர் நம்பிக் கையை நீட்டுகிறார். அதிகாரியின் விரல் பக்கத்துத் தண்டை அழுத்துகிறது, "டுமீல்!" எதிரி விழுகிறான், அடுத்த கணம் அதிகாரியும் விழுகிறான். ஆகவே தற்கொலைத் துப்பாக்கி!

சினிமாவுக்கு அருமையான காட்சிதான். ஆனால் இன்ன இடத்தில், இன்ன தேதியில், இன்னார் இப்படிச் செத்தார் என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எவரும் ஆதாரம் காட்டுவதில்லை. கொஞ்சம் யோசித்தாலே கதை தள்ளாடுகிறது. 1945 ஆகஸ்டுக்கு முன்னால் ஜப்பானிய அதிகாரிகள் சரணடைந்ததே அபூர்வம். உயிரை விடத் துணிந்தவனுக்குக் கையெறி குண்டு இருந்தது. இத்தனை நுணுக்கமான தந்திரம் எதற்கு?

குறை இருப்பது நிஜம். அதை வேண்டுமென்றே வைத்தார்கள் என்பதுதான் கட்டு. தோட்டா அறையில் தோட்டா இருந்து, குதிரை ஏறியிருந்து, பாதுகாப்புத் தாழும் திறந்திருந்தால்தான் இந்த விபத்து நேரும். தாழைப் போட்டுவிட்டால் அது அந்தத் தண்டையே அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். யுத்தத்துக்கு முன்பு நிதானமாகச் செய்த துப்பாக்கிகளில் இந்தத் தாழ் சரியாகவே உட்காருகிறது.

இந்த இடத்தில் ஜெர்மன் லூகரை நினைக்காமல் இருக்க முடியாது. சேகரிப்போர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த லூகரிலும் குத்தூசியைப் பிடித்து வைத்திருக்கும் தண்டு பக்கவாட்டில்தான் இருக்கிறது. அறையில் தோட்டா இருப்பதை மறந்து, துடைப்பதற்காக மேற்பகுதியைத் தனியே கழற்றி எடுத்த பிறகு அந்தத் தண்டை அழுத்தினால், விசையே இல்லாத அந்தப் பாதித் துப்பாக்கி வெடித்துவிடும்! ஆனால் லூகரை யாரும் தற்கொலைத் துப்பாக்கி என்பதில்லை. லூகர் அழகாயிருக்கிறது, ஜெர்மன் தொழில் திறமை என்ற பேர் வேறு. அழகிருந்தால் குற்றம் மறைகிறது. முகம் கோணலாயிருந்தால் செய்யாத குற்றமும் ஏறிக்கொள்கிறது. மனிதர்களுக்குப் பழக்கமான நியாயம்தான், துப்பாக்கிக்கும் அதே நியாயம்.

டைப் 94-க்கு வேறு குறைகளும் உண்டு. கைப்பிடி அமெரிக்கர் கைக்குப் போதாது. தோட்டாக் கூட்டை விடுவிக்கும் பொத்தான் வெளியே துருத்தி நிற்பதால், கடினமான மேஜையில் படுக்க வைத்தாலே கூடு தளர்ந்துவிடக்கூடும். கடைசித் தோட்டா தீர்ந்தபின், பின்னால் போன இரும்புக் கட்டை காலிக் கூட்டின் மேலேயே அழுத்தி நிற்கும். கூட்டை உருவ இரண்டு கையும் வேண்டும். சண்டை நடுவில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கும்? ஆக, நல்ல துப்பாக்கி என்று யாரும் சொல்ல வரவில்லை. தோட்டாவின் வேகமும் சாதுவானதுதான்.

இரண்டு எழுத்தில் ஒரு சரித்திரம்

அப்படியானால் இதில் பார்க்கத்தக்கது என்ன? ஏலத்துக்கு முன் சரக்கைப் பார்வையிட ஒரு நாள் விடுவார்கள். அன்றைக்கு அனுபவஸ்தர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். அவர்கள் பக்கத்துத் தண்டை அழுத்திப் பார்த்துச் சிரிக்கிறதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உடலில் பொறித்த தேதியைப் படிக்கிறார்கள்.

ஒவ்வொரு டைப் 94-லும் அது செய்யப்பட்ட வருஷமும் மாதமும் உண்டு. சக்கரவர்த்தி ஹிரோஹிதோ பட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து தொடங்கும் ஷோவா வருஷக் கணக்கு அது. நம் பாட்டிமார் பிரபவ, விபவ என்று பிறந்த வருஷம் சொல்வதைப்போல. கணக்கு எளிது: பொறித்த எண்ணுடன் 1925-ஐக் கூட்ட வேண்டும். 12.5 என்றிருந்தால் 1937 மே. 19.6 என்றிருந்தால் 1944 ஜூன். 20 என்று ஆரம்பித்தால் 1945. ஜப்பான் சாம்பலாகிக்கொண்டிருந்த வருஷம்.

தேதியைப் படித்துவிட்டு உலோகத்தைப் பார்த்தால், ஒரு தேசத்தின் நாடித் துடிப்பு கைக்குத் தெரியும். 1937-ல் செய்ததில் இரும்பு கண்ணாடிபோல் பளபளக்கும், கருநீல மெருகு, கைப்பிடியில் சீராக வரி போட்ட தகடு. 1943 கடைசிக்கு வந்தால் மெருகு மங்கியிருக்கும். 1944-ன் பின்பகுதியில் அரக் கோடுகள் அப்படியே நிற்கும். வளைவுகளை உருட்டக்கூட நேரமில்லாமல் பின்புறம் சதுரமாகிவிட்டது. 1945-ல் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் வெறும் மரப் பலகைத் துண்டு. பாதுகாப்புத் தாழின் அருகே வழக்கமாகப் பொறிக்கும் எழுத்துக்கள்கூட இல்லாமல் சில வெளிவந்தன.

அந்த நாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். தேர்ந்த தொழிலாளிகள் பலரையும் படைக்கு அனுப்பிவிட்டார்கள். 1944-ல் சர்க்கார் உத்தரவு போட்டு, பள்ளிப் பிள்ளைகளையும் இளம் பெண்களையும் யுத்தத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வருஷம் நவம்பர் 24-ல், கொக்குபுன்ஜிக்கு அருகிலுள்ள முசாஷினோ விமானத் தொழிற்சாலை மீது பி-29 விமானங்கள் குண்டு போட்டன. 1945 மார்ச் 10-ம் தேதி இரவு தோக்கியோவின் கிழக்குப் பகுதி தீக்கிரையாயிற்று. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் கொக்குபுன்ஜியில் துப்பாக்கிகள் வெளிவந்துகொண்டிருந்தன. யாரோ அரம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கோணல் கோடுகள் அவர்கள் கைக் கோடுகள்.

இதனால்தான் ஏலத்தில் இரண்டு ஓரங்களுக்குமே கிராக்கி. ஆரம்ப நாளில் செய்த மெருகான உருப்படிக்கு அது அபூர்வம் என்பதால் விலை. கடைசி நாளில் செய்த சொரசொரப்புக்கு அது சாட்சி என்பதால் விலை. நடுவில் வந்தவைதான் சவலைப் பிள்ளைகள்.

ஒன்று மட்டும் இங்கே எச்சரித்துச் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்துச் சரக்கில் தாழ் சரியாகப் பிடிக்காததும் உண்டு, இரும்பும் சந்தேகத்துக்குரியது. பழிப்பேச்சு கடைசிச் சரக்குக்குத்தான் அதிகம் பொருந்தும். வாங்கியவர் ஆசைப்பட்டு இதில் தோட்டா போட்டுச் சுடுவது மடமை. 8 மில்லிமீட்டர் நாம்பு தோட்டாவைப் பெரிய கம்பெனிகள் செய்வதில்லை. சின்னத் தயாரிப்பாளர்களிடம் அதிக விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிச் சுட்டுக் குத்தூசி உடைந்தால், உதிரிப் பாகம் தேடி இன்னொரு ஏலம் பார்க்க வேண்டியதுதான்! விரல் போனால் எந்த ஏலத்திலும் கிடைக்காது.

சீட்டுக்கு உள்ள மதிப்பு

பழந் துப்பாக்கி வாங்கும் அமெரிக்கர்களிடையே ஒரு பேச்சு உண்டு: கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்று. அனுபவப்பட்டவர்கள் சொன்னதுதான். இது இன்ன ஜெனரலுடையது, இன்ன தீவில் குகைக்குள் கிடைத்தது, பக்கத்திலேயே பிணம் இருந்தது என்றெல்லாம் விற்பவர் வாய்க்கு வந்தபடி சொல்வார். இறந்துபோன தாத்தா சொன்னார் என்றால் யார் போய்க் குறுக்கு விசாரணை செய்வது?

உண்மை பெரும்பாலும் இன்னும் சப்பென்றிருக்கும். 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பின், நாடெங்கும் ஆயுதங்களைக் கொண்டுவந்து குவிக்கச் சொன்னது அமெரிக்க ராணுவம். மலைபோல் குவிந்தவற்றில் பெரும் பகுதியைக் கடலில் கொட்டினார்கள், உருக்கினார்கள். குவியலிலிருந்து ஞாபகார்த்தமாக ஒன்றை எடுத்துக்கொள்ளப் பல சிப்பாய்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல், வரிசையில் நின்று வாங்கிய துப்பாக்கி எத்தனையோ பின்னாளில் "போர்க்களத்தில் பிடித்தது" ஆகிவிட்டது.

ஆனால் ஒரு கதைக்கு மட்டும் விலை கொடுக்கலாம். அது காகிதத்தில் இருக்கும் கதை. போர்ச் சின்னங்களை ஊருக்கு எடுத்துப் போகும் சிப்பாய்க்கு அவனுடைய மேலதிகாரி கையொப்பமிட்ட சீட்டு ஒன்று வேண்டும். சிப்பாயின் பெயர், பிரிவு, எடுத்துச் செல்லும் பொருள்; சிலவற்றில் துப்பாக்கியின் எண்கூட டைப் அடித்திருக்கும். அந்த எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றாயிருந்தால், ஏலத்தில் விலை கணிசமாக உயர்கிறது. இந்தப் பழுப்பேறிய சீட்டுகளைத்தான் பிள்ளைகளும் பேரன்மார்களும் பழைய பெட்டியைக் காலி செய்யும்போது முதலில் குப்பையில் போடுகிறார்கள்.

வாங்குகிறவருக்கு வேறு கணக்குகளும் இருக்கின்றன. கூவி விழுந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. ஏல நிலையம் அதன்மேல் தனியே கமிஷன் வைத்திருக்கும்; நூற்றுக்கு 15 முதல் 20, 25 வரைகூடப் போகும். ஆயிரம் டாலருக்கு எண் அட்டையைத் தூக்கியவர் பில்லைப் பார்த்ததும் திகைப்பது சகஜம். "உள்ளது உள்ளபடி" என்று அச்சிட்டிருப்பார்கள். பிறகு குறை சொல்ல முடியாது. ஆகவே, தோட்டாக் கூடு அசல்தானா, உதிரிப் பாகங்களில் உள்ள எண்கள் உடலின் எண்ணோடு ஒத்துப்போகின்றனவா, பின்னாளில் யாராவது அரக் கோடுகளை அழித்து மெருகேற்றி "அழகுபடுத்தி"விட்டார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காலத் துப்பாக்கிக்கு மெருகேற்றினால் போயிற்று. கிழவிக்குச் சாயம் பூசியதுபோல் ஆகும், விலையும் பாதியாகும்.

சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 1968-ம் வருஷச் சட்டப்படி, 50 வருஷத்துக்கு மேல் வயதான துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தனி லைசென்ஸ் இருக்கிறது. அது இல்லாதவருக்கு ஏல நிலையம் பார்சலை வீட்டுக்கு அனுப்பாது. உள்ளூரில் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம்தான் அனுப்பும். அங்கே ஆளைப் பற்றிய விசாரணை முடிந்த பிறகே கைக்கு வரும். நம் நாட்டிலோ 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தின் கீழ், லைசென்ஸ் இல்லாமல் இப்படி ஒன்றை அலமாரியில் வைத்தாலும் குற்றம்தான்.

இடுப்பில் இருந்தது எது?

வெறும் புராதனப் பொருள் மோகமாக இதைத் தமிழர் பார்த்துவிட்டுப் போக முடியாது. 1941 டிசம்பரில் மலேயாவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்தது. பிறகு சயாம் - பர்மா ரயில் பாதை போட ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலியாட்களைத் திரட்டினார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் பட்டினியிலும் அடி உதையிலும் ஆயிரமாயிரமாக அவர்கள் மடிந்தார்கள். 1943-ல் பாதை முடிந்தது; போனவர்களில் பலர் திரும்பவில்லை. அங்கே வேலை வாங்கிய அதிகாரிகளின் இடுப்புத் தோலுறைக்குள் இருந்தது டைப் 14-ஆ, டைப் 94-ஆ என்று எந்தக் கூலி பார்த்திருப்பான்? தோலுறையைப் பார்த்ததே அவனுக்குப் போதும்.

கேட்டலாக்கில் "தற்கொலைத் துப்பாக்கி" என்று தடித்த எழுத்தில் போடுகிறவர்கள், இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. பட்டப் பெயர் வேடிக்கையாயிருக்கிறது. வேடிக்கைக்குக் கூட்டம் சேருகிறது. இரும்பில் உள்ள தேதியைச் சொல்லி, அந்த மாதத்தில் எங்கெங்கே என்ன நடந்தது என்று இரண்டு வரி சேர்த்தால், சரக்கு இன்னும் கௌரவமாக விலை போகும். வாங்குகிறவரும் தாம் எதை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று தெரிந்துகொண்டு கொண்டுபோவார்.

கொக்குபுன்ஜிக் கம்பெனியின் வம்சம் யுத்தத்தோடு அற்றுப்போகவில்லை. அதன் வாரிசான "ஷின் சூவோ" கம்பெனி, ஜப்பானியப் போலீஸாருக்காக ஒரு ரிவால்வர் செய்தது. 1960-ல் வந்த அதற்கு "நியூ நாம்பு" என்றே பெயர். வயிறு வளர்க்கும் தொழிலில் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுபோன வேறொரு பொருளுக்கு இப்போது திரும்பிப் போகும் யோகம் வந்திருக்கிறது. போருக்குப் புறப்பட்ட ஜப்பானிய இளைஞனுக்கு உறவினரும் ஊராரும் தங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்த சூரியக் கொடி அது. ஆரெகன் ராஜ்யத்தில் 2009-ல் தொடங்கிய "ஓபோன்" என்ற சங்கம், அமெரிக்கக் குடும்பங்களிடமிருந்து அந்தக் கொடிகளை வாங்கி, பெயர்களைப் படித்து, ஜப்பானில் உரிய வீட்டைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மகன் எலும்பு கிடைக்காத வீட்டுக்குக் கொடியாவது வருகிறது.

துப்பாக்கிக்கு அந்த வழி இல்லை. அதில் எண் உண்டு, மாதம் உண்டு. சுமந்தவன் பெயர் கிடையாது. பெயர் இருந்தாலும் பயனில்லை. 1958-ம் வருஷத்து ஜப்பானியச் சட்டம், யுத்தகாலக் கைத்துப்பாக்கி எதையும் தனி மனிதர் வைத்துக்கொள்ள விடுவதில்லை. செய்த ஊரில் அதற்கு இடமில்லை. எனவே ஏலத்தில் ஜெயித்தவர் வீட்டு அலமாரியில்தான் அது இருக்கப்போகிறது. தோட்டா அறை காலிதானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி, அந்தப் பழுப்புச் சீட்டு இருந்தால் அதையும் ஓர் உறையில் போட்டுப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டட்டும். சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கட்டும்.